எந்த எண்ணை எழுதுவது? மதக் கெடுபிடி உள்ள நாடுகளில் ஆள்கணக்கு பார்க்கும் வழிகள்

சீனாவில் எத்தனை கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்? சீன அரசு 2018-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் 3.8 கோடி, கத்தோலிக்கர்கள் சுமார் 60 லட்சம். இரண்டையும் கூட்டினால் 4.4 கோடி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2011-இல் கொடுத்த மதிப்பீடு 6.7 கோடி. அதே மையம் 2023-இல், சீனாவுக்குள்ளேயே நடந்த ஒரு பெரிய சமூக சர்வேயின் தரவை வைத்து, வயது வந்தவர்களில் சுமார் 2 கோடிப் பேர்தான் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்கிறார்கள் என்றது. அரசிடம் பதிவு செய்யாத சபைகளோடு பழக்கம் உள்ளவர்களைக் கேட்டால் 10 கோடி என்பார்கள்.

ஒரே நாடு, ஒரே மதம், ஐந்து மடங்கு வித்தியாசம். ஒரு கட்டுரையோ, பாடநூல் குறிப்போ, மனித உரிமை அறிக்கையோ எழுதுகிறவர் இதில் எதை எடுப்பார்? பெரும்பாலும் கையில் முதலில் கிடைப்பதைத்தான். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் இந்த எண்களை வைத்துத்தான் ஒரு சமூகம் "ரொம்பச் சிறியது, கவலைப்பட ஒன்றுமில்லை" என்று ஒதுக்கப்படுகிறது, அல்லது "வேகமாகப் பெருகுகிறார்கள்" என்று பூச்சாண்டி காட்டப்படுகிறது. அதனால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த வேலைக்கு உதவும் என்று பார்ப்பது அவசியம்.

முதல் வழி அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் எல்லோரையும் எண்ணும் வசதி அரசுக்கு மட்டும்தான் உண்டு. அந்த விரிவுக்கு வேறெதுவும் ஈடாகாது. சிக்கல் வாசலில்தான். கதவைத் தட்டி நிற்பவர் கையில் இருப்பது அரசாங்கப் படிவம். "உங்கள் மதம்?" என்று அவர் கேட்கும்போது வீட்டுக்காரர் பதில் சொல்வது அவருக்கு அல்ல, அவருக்குப் பின்னால் நிற்கும் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும்.

மியான்மரில் 2014-இல் நடந்ததைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஐ.நா. உதவியோடு நடந்த கணக்கெடுப்பு அது. ரக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யாக்கள் அந்தப் பெயரில் தங்களைப் பதிவு செய்ய முடியாது என்று கடைசி நேரத்தில் அரசு அறிவித்தது. ரக்கைன் மாநிலத்துக் கிராமங்களில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து இனம் என்ன என்று கேட்பார். "ரோஹிங்யா" என்று பதில் வந்தால் படிவத்தை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இப்படி விடுபட்டவர்கள் சுமார் 10.9 லட்சம் பேர் என்று அரசே பிறகு மதிப்பிட்டது. மத வாரியான எண்ணிக்கையை இரண்டு ஆண்டு கையில் வைத்திருந்து 2016 ஜூலையில்தான் வெளியிட்டார்கள். எண்ணப்பட்டவர்களில் முஸ்லிம்கள் 2.3%. விடுபட்டவர்களையும் சேர்த்தால் 4.3%. இரண்டுமே அரசு வெளியிட்ட எண்கள்தான். ஆனால் அடிக்குறிப்பைப் படிக்காதவர் கையில் 2.3% மட்டுமே போய்ச் சேரும். நாட்டின் முஸ்லிம்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள்.

பாகிஸ்தானில், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா சமூகத்தாரின் நிலைமை வேறு மாதிரி. 1974-இல் அரசியலமைப்புத் திருத்தம் அவர்களை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தது. 1984-இல் வந்த அவசரச் சட்டப்படி அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டால் மூன்று ஆண்டு வரை சிறை. கணக்கெடுப்புப் படிவத்தில் அவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் தாங்கள் நம்பாத ஒன்றை ஒப்புக்கொண்டதாகும், "முஸ்லிம்" என்று குறியிட்டால் சட்டம் பாயும். 2017 கணக்கெடுப்பில் அவர்கள் 1,91,737 பேர். 2023-இல் 1,62,684. வெளியே சொல்லப்படும் மதிப்பீடுகளோ 5 லட்சத்தில் தொடங்கி 40 லட்சம் வரை போகின்றன. ஆறு ஆண்டில் 29,000 பேர் குறைந்தார்கள் என்று இந்தக் கணக்கை வைத்து எழுதினால் அது தவறு. அந்தக் கட்டத்தில் குறியிடத் துணிந்தவர்கள் அல்லது சம்மதித்தவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

மிரட்டல் இல்லாமலும் இது நடக்கும். இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் தலித் குடும்பம் படிவத்தில் இந்து என்று எழுதக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளையின் படிப்பும் வேலையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சரி, அரசுக் கணக்கு எப்போதும் பொய்தானா? இல்லை. சோவியத் ஒன்றியம் 1937 ஜனவரி 6 அன்று ஒரே நாளில் நடத்திய கணக்கெடுப்பு இதற்கு நல்ல சாட்சி. அன்று பழைய நாள்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இருபது ஆண்டு நாத்திகப் பிரசாரத்துக்குப் பிறகு மதம் ஒழிந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 57% பேர் "நம்பிக்கை உண்டு" என்று பெயரோடு, அரசாங்க ஆளிடம், ஸ்டாலினின் அடக்குமுறை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் சொன்னார்கள். மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததைவிடப் பல பத்து லட்சம் குறைவாக வந்தது. 1930-களின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் கணக்கில் தெரிந்துவிட்டார்கள். கணக்கெடுப்பு ரத்து செய்யப்பட்டது, நடத்திய புள்ளியியலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1939-இல் மறுபடி எடுத்தபோது மதக் கேள்வியே இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பட்டது அந்த 57%தான். பயந்து மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. ஆனால் பயமில்லாமல் இருந்திருந்தால் எண் இதைவிடக் கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அரசுக் கணக்கின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. ஒடுக்கப்படும் மதத்தைப் பொறுத்தவரை அதன் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், குறைவான பக்கம். சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்த தராசை வைத்து வேலை செய்யலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: தானே அறிவிக்கும் எண்ணை அரசு தேவைக்கேற்ப மாற்றவும் செய்யும். ஃபாலுன் காங் என்ற தியான இயக்கத்தைப் பின்பற்றுவோர் தடைக்கு முன் 7 கோடி என்று சீன அரசுத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. 1999 ஜூலையில் தடை வந்த பிறகு அதே அரசு சொன்ன எண் 20 லட்சம். அதனால் அதிகாரி வாயால் சொல்லும் எண்ணையும், வீடு வீடாக எண்ணிய எண்ணையும் ஒன்றாக எடுக்கக் கூடாது.

இரண்டாவது வழி, சமூகத்தையே கேட்பது. இதில் நெருக்கம் உண்டு. யார் வருகிறார், யார் நின்றுவிட்டார் என்று சபைத் தலைவருக்குத் தெரியும். ஆனால் ஒடுக்கப்படும் சமூகம் உறுப்பினர் பட்டியல் வைத்திருந்தால் அதுவே ஆபத்து. சோதனையில் சிக்கினால் எல்லோரும் சிக்குவார்கள். அதனால் பட்டியல் இருக்காது, ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு இருபது பேர், இத்தனை வீடுகள் என்று பெருக்கித்தான் சொல்வார்கள். ஒருவரே இரண்டு வீட்டுக்குப் போனால் இரண்டு முறை எண்ணப்படுவார். வெளியேறியவரை யாரும் கழிப்பதில்லை. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தாங்கள் இருக்கிறோம் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத இடத்தில் கூட்டிச் சொல்வது இயல்பு.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் விஷயத்தில் இந்த இழுபறி பழையது. 1927 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 8.3%. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இறங்கி 1996-இல் 5.7%. அதன் பின் அரசு மத வாரியான எண்ணை வெளியிடுவதில்லை. திருச்சபைத் தரப்பு 10 சதவீதத்துக்கு மேல் என்கிறது. எடுத்த எடுப்பில் அரசு மறைக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் குறைவு, வெளிநாட்டுக்குக் குடியேறியவர்கள் அதிகம் என்ற விளக்கமும் இந்தச் சரிவோடு பொருந்துகிறது. இரண்டு எண்ணும் இரண்டு பக்கமும் கொஞ்சம் விலகியிருக்கலாம். எண்ணை வெளியிட மறுப்பதுதான் இங்கே பெரிய தவறு. வெளியிட்டால்தானே சரிபார்க்க முடியும்.

பைபிள் அச்சடித்த எண்ணிக்கையை வைத்து ஆள்கணக்கு போடுவதும் உண்டு. சீனாவின் நான்ஜிங் நகரில் உள்ள அமிட்டி அச்சகம் 2019-க்குள் 20 கோடிப் பிரதிகளை அச்சடித்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்குப் போனவை. மிச்சத்திலும் ஒருவர் இரண்டு மூன்று வாங்கியிருப்பார். இந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது வழியான சர்வேதான் இன்று அதிகம் நம்பப்படுகிறது, அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. காரணம் பயம் மட்டும் இல்லை, கேள்வியின் வார்த்தை. சீன மொழியில் மதம் என்பதற்கு வழங்கும் "ஸோங்ஜியாவ்" என்ற சொல் பதிவு பெற்ற, அமைப்பாக இயங்கும் மதத்தைத்தான் நினைவூட்டும். 2018-இல் "உங்கள் மதம் எது" என்று கேட்ட சர்வேயில் பௌத்தர் என்று சொன்ன வயது வந்தவர்கள் 4%. அதே ஆண்டு இன்னொரு சர்வே "புத்தரையோ போதிசத்துவரையோ நம்புகிறீர்களா" என்று கேட்டது. 33% ஆம் என்றார்கள். இயேசுவையோ கத்தோலிக்கர் வழிபடும் கடவுளையோ நம்புகிறீர்களா என்று கேட்டபோது 7% வந்தது. அவர்களில் வேறு தெய்வங்களையும் நம்புகிறவர்களைக் கழித்தால் சுமார் 3%. தொடக்கத்தில் சொன்ன 2 கோடி, 4.4 கோடி, 6.7 கோடி என்ற சண்டையில் பாதி இங்கேயே கரைந்துவிடும். குழந்தைகளைச் சேர்த்ததா, பெயர் சொல்லிக்கொள்பவரா, கும்பிடுகிறவரா என்று வேறு வேறு ஆட்களை எண்ணிவிட்டு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறோம்.

ஈரானில் கேட்கும் முறையே எண்ணைப் புரட்டிப் போடுகிறது. 2016 அரசுக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 99.6%. நெதர்லாந்தில் இருந்து இயங்கும் காமான் என்ற ஆய்வுக் குழு 2020 ஜூனில் இணையத்தில், பெயர் கேட்காமல் ஒரு சர்வே நடத்தியது. சமூக ஊடகம் வழியாகப் பரவி சுமார் 50,000 பேர் பதில் சொன்னார்கள், பத்தில் ஒன்பது பேர் ஈரானுக்குள் இருந்து. ஷியா முஸ்லிம் என்றவர்கள் 32% மட்டும். எந்த மதமும் இல்லை என்றவர்கள் 22%. கிறிஸ்தவர் 1.5%. மதம் மாறியதை ஒப்புக்கொண்டால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய நாட்டில், முகம் தெரியாமல் கேட்டால் வேறு பதில் வரும் என்பது நியாயமே.

ஆனால் அதே முடிவில் இன்னொரு வரி இருக்கிறது. ஜொராஸ்திரிய மதத்தவர் 8%. அரசுக் கணக்கில் அவர்கள் சுமார் 23,000 பேர். 8% என்றால் பல பத்து லட்சம். இத்தனை பேர் மறைந்து வாழ்கிறார்கள் என்று நம்ப முடியாது. இஸ்லாமியக் குடியரசின் மீது கோபமுள்ள படித்த இளைஞர் "எங்கள் பழைய பாரசீக மதம்" என்று ஒரு எதிர்ப்பாக அதைக் குறித்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள்தான் அந்தச் சர்வேயைத் தேடிப் போய் நிரப்பியும் இருக்கலாம். இதில் எனக்குப் பெரிய கவலை, பிழை எவ்வளவு என்பதல்ல, எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போவது. நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. 32% என்ற எண்ணைக் கலைக்களஞ்சியத்தில் போடுவதற்குச் சான்று ஆகாது.

பயத்தைத் தாண்ட நான்காவதாக ஒரு தந்திரம் உண்டு, பட்டியல் முறை. ஆயிரம் பேருக்கு நான்கு சாதாரண வாக்கியங்களைக் கொடுத்து, "இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? எது என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்பார்கள். இன்னொரு ஆயிரம் பேருக்கு அதே நான்கோடு "நான் இந்த மதத்தைச் சேர்ந்தவன்" என்ற ஐந்தாவதும் இருக்கும். முதல் கூட்டத்தின் சராசரி 2.10, இரண்டாவதன் சராசரி 2.16 என்றால், வித்தியாசம் 0.06. அப்படியென்றால் 6% பேர் அந்த மதத்தவர். யார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரின் பதிலும் சராசரியிலிருந்து ஏறத்தாழ ஒன்று கூடக் குறைய இருக்கும் என்று வைத்தால், ஆயிரம் ஆயிரம் பேரை ஒப்பிடும்போது வரும் பிழை 9% கூட அல்லது குறைய. 6% என்ற விடை 15%ஆகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். பிழையை ஒரு சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால் எண்பது மடங்கு ஆட்கள் வேண்டும். ஊரில் மூன்றில் ஒருவர் மறைக்கும் விஷயத்துக்கு இந்த முறை உதவும். நூறில் ஒருவராக இருக்கும் சிறுபான்மைக்கு உதவாது. நாணயம் சுண்டி, தலை விழுந்தால் உண்மையையும் பூ விழுந்தால் எப்படியும் "ஆம்" என்றும் சொல்லச் சொல்லும் முறைக்கும் இதே கதிதான்.

அப்புறம் மறைமுகக் கணக்குகள். சீனாவில் கணக்கெடுப்பு மதத்தைக் கேட்பதில்லை, இனத்தைக் கேட்கிறது. ஹுய், உய்குர் முதலான பத்து இனங்களைக் கூட்டி முஸ்லிம்கள் என்று சொல்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் வெளிநாட்டவரின் மதத்தை அவர்கள் வந்த நாட்டின் விகிதத்தை வைத்துக் கணிக்கிறார்கள். லெபனானில் 1932-க்குப் பிறகு கணக்கெடுப்பே இல்லை, நாடாளுமன்ற இடங்கள் மத வாரியாகப் பங்கிடப்படுவதால் யாரும் எண்ணத் துணிவதில்லை. வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். இவை யாரையும் ஆபத்தில் மாட்டிவிடாத வழிகள், அது பெரிய நன்மை. ஆனால் பிறப்பை எண்ணுகின்றன, நம்பிக்கையை அல்ல. மதம் மாறியவரும் மதத்தை விட்டவரும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இனி எதைத் தேர்வது என்று வருவோம். எனக்கு ஒரே ஒரு எண்தான் போட இடம் உண்டு என்றால், உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிற எண்ணைவிட, எந்தப் பக்கம் பிழை என்று தெரிந்த எண்ணையே எடுப்பேன். வீடு வீடாக எண்ணிய அரசுக் கணக்கு இருந்தால் அதைப் போட்டு, பக்கத்தில் "குறைந்தது" என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பேன். "பாகிஸ்தானில் 2023 கணக்கெடுப்பில் தங்களை அகமதியா என்று பதிவு செய்தவர்கள் 1,62,684, சட்டக் கெடுபிடியால் பலர் பதிவு செய்வதில்லை" என்ற வரியில் தவறு ஒன்றும் இல்லை. "பாகிஸ்தானில் அகமதியர் 1,62,684 பேர்" என்ற வரி தவறு. இரண்டுக்கும் நீளத்தில் அரை வரிதான் வித்தியாசம்.

இரண்டு எண் போட இடமிருந்தால் சமூகம் சொல்வதையும் மேல் எல்லையாகச் சேர்க்கலாம். யார் சொன்னது என்பதோடு சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு சராசரி எடுத்து எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். 2 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் நடுவே 21 லட்சம் என்பது யாரும் எண்ணாத எண்.

மாற்றத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு விடை வேறு. அவர் ஒரே அமைப்பு, ஒரே கேள்வியை, பல ஆண்டுகள் கேட்ட சர்வேயைத்தான் எடுக்க வேண்டும். எண் தப்பாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் ஓரளவு சரியாக இருக்கும், நடுவில் கெடுபிடி இறுகாமல் இருந்தால். இறுகியிருந்தால், மக்கள் மாறினார்களா, வாய் மூடினார்களா என்று பிரிக்க முடியாது. புகலிடம் கேட்டு வந்தவரின் வழக்குக்கு எழுதுகிறவருக்கோ மொத்த எண்ணே தேவையில்லை. ஈரானில் தோன்றிய பஹாய் மதத்தைச் சேர்ந்தவர்களை அந்நாட்டுக் கணக்கெடுப்பு தனியாகக் காட்டுவதில்லை. அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு ஜொராஸ்திரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரை மட்டுமே சிறுபான்மை மதத்தவராக ஏற்கிறது. 2020 தொடக்கத்தில் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தில் இருந்த "பிற மதம்" என்ற தேர்வும் எடுக்கப்பட்டது. பஹாய்கள் சுமார் 3 லட்சம் என்பது மதிப்பீடு. அது 2 லட்சமாக இருந்தாலும் அந்த விண்ணப்பத்தில் அவர்களுக்கு இடமில்லை என்ற உண்மை மாறாது. அதை எழுதினால் போதும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றில் நான் கண்டிப்பாக இருப்பேன். நாட்டு அளவுக்குக் கீழே இறங்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் இத்தனை, இந்த ஊரில் இத்தனை என்று மறைந்து வாழும் சமூகத்தைப் பற்றி எழுதுவது தேடி வருகிறவனுக்கு வழி காட்டுவது. நெதர்லாந்தின் மக்கள் பதிவேடு நல்ல நோக்கத்தோடு, மிக நேர்த்தியாக வைக்கப்பட்டது. ஒவ்வொருவரின் அட்டையிலும் மதம் இருந்தது. ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்தபோது அந்த அட்டைகள் அப்படியே கையில் கிடைத்தன. சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமில் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த சிலர், போலீஸ் உடை போட்டுக்கொண்டு பதிவகத்துக்குள் நுழைந்து அட்டைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். தீயணைக்க வந்தவர்கள் வேண்டுமென்றே தாமதித்து, மிஞ்சிய அட்டைகள் ஊறிப் போகும்வரை தண்ணீர் அடித்தார்கள்.